நர்சிங் படிக்க லோன் எடுக்கலாமா? நீலகிரிக்காரங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்துல இருந்தே ஆரம்பிச்சிரும். கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர், கூடலூர், பந்தலூர்னு எல்லா பக்கமிருந்தும் ஃபோன், கேள்வி மட்டும் ஒண்ணுதான். நான் கோத்தகிரி பக்கம், கோயமுத்தூர்ல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், அதனால சொந்தக்காரங்க, சொந்தக்காரங்களோட பக்கத்து வீடுன்னு எல்லாருக்கும் என் நம்பர் போயிருது. திரும்பத் திரும்ப சொல்றத ஒரே இடத்துல எழுதிட்டேன். இதுல வர்ற ஃபீஸ், சம்பளம், 10 சதவீத வட்டி எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் வெச்சுக்கிட்ட தொகை, உங்க காலேஜ் ஃபீஸ், உங்க பேங்க் வட்டிய போட்டு நீங்களும் ஒரு தடவை கணக்கு பாத்துக்கோங்க.

சுத்தி வளைக்காம சொல்லுங்கக்கா, லோன் எடுத்து நர்சிங் படிச்சா கட்டுபடியாகுமா?

எவ்ளோ லோனுங்கறத பொறுத்து. ஒண்ணு மட்டும் மண்டையில ஏத்திக்கோங்க, பிரைவேட் ஹாஸ்பிட்டல்ல புதுசா சேர்றப்ப சம்பளம் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வருஷத்துக்கு அம்பதாயிரம் கட்டி படிச்ச பிள்ளையும் ரெண்டு லட்சம் கட்டி படிச்ச பிள்ளையும் ஒரே வார்டுல ஒரே நைட் டியூட்டி பாத்துட்டு ஒரே சம்பளம்தான் வாங்கும். உங்க காலேஜ்ல ஏசி ஸ்கில் லேப் இருந்துச்சான்னு எச்ஆர்ல யாரும் கேக்கப்போறதில்ல. வருமானம் உங்க கையில இல்ல, கடன் எவ்ளோங்கறது மட்டும்தான் உங்க கையில இருக்கு, அதனால சீட் எவ்ளோ கம்மில கிடைக்குதுன்னு பாக்கறதுதான் முதல் வேலை, மத்ததெல்லாம் அப்புறம்.

அப்ப எவ்ளோ வரைக்கும் எடுக்கலாம்? ஒரு கணக்கு சொல்லுங்க.

நான் சொல்றது இதான்: மாச தவணை, கையில வர்ற சம்பளத்துல மூணுல ஒரு பங்க தாண்டக்கூடாது. பிடித்தம் எல்லாம் போக 15,000 கையில வருதுன்னு வெச்சுக்குவோம், அப்ப தவணை 5,000. வட்டி 10 சதவீதம், 10 வருஷத்துல கட்டறோம்னா, 5,000 தவணைக்கு தாங்கற கடன் சுமார் 3.78 லட்சம். இது நீங்க வாங்குற தொகை இல்ல, கட்ட ஆரம்பிக்கற அன்னிக்கு வட்டியோட சேர்ந்து நிக்கற தொகை, இங்கதான் எல்லாரும் ஏமாந்துபோறாங்க.

பி.எஸ்சி நர்சிங் நாலு வருஷம். வருஷா வருஷம் ஒரு லட்சம்னு லோன் வாங்குறீங்க, மொத்தம் 4 லட்சம். படிக்கற நாலு வருஷமும், அதுக்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம்னு பேங்க் சொல்லும், ஆனா வட்டி ஓடிட்டேதான் இருக்கும். முதல் லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி, ரெண்டாவதுக்கு நாலு, அடுத்ததுக்கு மூணு, கடைசி லட்சத்துக்கு ரெண்டு. அதுவும் தனி வட்டியாத்தான் போடுவாங்க, கூட்டு வட்டி இல்ல, அப்படியும் 1.4 லட்சம் ஏறிரும். ஆக நீங்க கட்ட ஆரம்பிக்கறப்ப நிக்கறது 5.4 லட்சம், 10 வருஷத்துக்கு மாசம் 7,136 ரூபா. 15,000 சம்பளத்துல கிட்டத்தட்ட பாதி.

இதே வருஷத்துக்கு 60,000ல முடிஞ்சா நிக்கறது 3.24 லட்சம், தவணை 4,282. தாங்கும். ஹாஸ்டலோட சேர்த்து வருஷத்துக்கு ஒன்றரை லட்சம்னு மேனேஜ்மென்ட் சீட்ல போனா 8.1 லட்சம், தவணை 10,704. 15,000 சம்பளத்துல அத கட்டிட்டு மிச்சத்துல கோயமுத்தூர்ல ரூம் வாடகை, சாப்பாடு, ஊருக்கு பஸ் காசு, எப்படி?

பத்து வருஷத்துக்கு பதிலா பதினஞ்சு வருஷம் போட்டா தவணை கம்மியாகுமில்ல?

ஆகும். 5.4 லட்சத்துக்கு மாசம் 5,803 ஆயிரும், ஆனா மொத்தமா கட்டறது 10.45 லட்சம். பத்து வருஷத்துல கட்டினா 8.56 லட்சம், ஏழு வருஷத்துல முடிச்சா 7.53 லட்சம் (அப்ப மாசம் 8,965). ஆரம்பத்துல நீளமா போட்டுட்டு சம்பளம் ஏறினதும் கூட கூட கட்டி முடிக்கறது நல்ல வழிதான், எழுதி வாங்கறப்பவே முன்கூட்டி கட்டினா அபராதம் உண்டான்னு கேட்டுக்கோங்க. ஆனா "அப்புறம் கூட கட்டிக்கலாம்"னு சொல்ற வீட்ல அந்த அப்புறம் வர்றதுக்குள்ள தங்கச்சி கல்யாணம் வந்துருது, வீடு ஒழுகுது, என்னத்த சொல்ல.

ஏஎன்எம், ஜிஎன்எம், பி.எஸ்சி, எதுக்கு கடன் வாங்கலாம்?

ஏஎன்எம்ங்கறது துணைச் செவிலியர் படிப்பு, ரெண்டு வருஷம், பொம்பளப் பிள்ளைங்களுக்கு மட்டும். அதோட நேர் பாதை கிராம சுகாதார செவிலியர் வேலை, நம்ம ஊர் சப் சென்டர்ல தடுப்பூசி போட வர்றாங்களே அவங்கதான். அரசு வேலை கிடைச்சா நல்லது, பிரைவேட்லயே இருக்க வேண்டி வந்தா சம்பளம் ரொம்ப கம்மி. அதனால பிரைவேட் காலேஜ்ல பெரிய கடன் வாங்கி ஏஎன்எம் படிக்காதீங்க, நேராவே சொல்லிடறேன்.

ஜிஎன்எம்ங்கறது பொது செவிலியர், தாதியர் படிப்பு, மூணு வருஷ டிப்ளமோ. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியோட இருக்கற அரசு நர்சிங் ஸ்கூல்ல கிடைச்சா கண்ண மூடிட்டு சேருங்க, ஃபீஸ் ரொம்ப கம்மி, மாசா மாசம் உதவித்தொகை வேற குடுப்பாங்க, லோன் பேச்சே தேவைப்படாது. பிரைவேட்ல வருஷத்துக்கு 80,000னு வெச்சாலும் மூணு வருஷம் 2.4 லட்சம், கட்ட ஆரம்பிக்கறப்ப 3.12 லட்சம், தவணை 4,123. தமிழ்நாட்டு அரசு ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு ஜிஎன்எம் படிச்சவங்களும் பி.எஸ்சி படிச்சவங்களும் ரெண்டு பேருமே போட்டி போடலாம், இத நிறைய பேர் கவனிக்கறதில்ல. ஜிஎன்எம் முடிச்சு வேலைக்கு போயிட்டு, கையில கொஞ்சம் காசு சேர்ந்ததும் ரெண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி பண்ணிக்கலாம். வீட்ல கஷ்டம்னா எனக்கு இந்த வழிதான் ரொம்ப பிடிச்சிருக்கு, ஏன்னா கடன் பெருசா ஆகறதுக்கு முன்னாடியே சம்பளம் வர ஆரம்பிச்சிரும்.

பி.எஸ்சி எங்க கைகுடுக்கும்னா எய்ம்ஸ், வெளிநாடு, டீச்சிங் இந்த மூணுக்கும். எய்ம்ஸ் நர்சிங் ஆஃபீசருக்கு நார்செட்னு ஒரு பரீட்சை வெக்கறாங்க. பி.எஸ்சி முடிச்சு நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணியிருந்தா நேரா எழுதலாம், ஜிஎன்எம்னா 50 பெட்டுக்கு குறையாத ஆஸ்பத்திரில ரெண்டு வருஷ அனுபவம் கேப்பாங்க. அடிப்படை சம்பளம் மட்டுமே 44,900ல தொடங்குது, படி எல்லாம் தனி. இந்தியா பூரா எழுதறாங்க, போட்டி பயங்கரம், ஆனா நம்ம பிள்ளைங்க நிறைய பேருக்கு அப்படி ஒரு பரீட்சை இருக்கறதே தெரியல, அதான் கடுப்பா இருக்கு.

ஒரு வருஷ நர்சிங் டிப்ளமோ 30,000 ரூபாதான், நூறு சதவீதம் வேலைன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களே?

பஸ் ஸ்டாண்டு சுவத்துல பாத்திருப்பீங்க. அதுல முக்காவாசி படிச்சா நீங்க நர்ஸ் கிடையாது, அவ்ளோதான். தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில்ல பதிவு பண்ண முடியலேன்னா எந்த அரசு வேலைக்கும் மனு போட முடியாது, வெளிநாடு கிடையாது, பிரைவேட்ல கூட "அசிஸ்டென்ட்"னு போட்டு அதுக்கேத்த சம்பளம்தான். சேர்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ஒண்ணுதான்: "இந்த கோர்ஸ் முடிச்சா கவுன்சில்ல பதிவு பண்ணித் தருவாங்களா?" ஆமாம்னு வாயில சொன்னா பத்தாது. இந்திய நர்சிங் கவுன்சில் லிஸ்ட்லயும் மாநில கவுன்சில் லிஸ்ட்லயும் காலேஜ் பேரு இருக்கா, பி.எஸ்சின்னா தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோட இணைப்பு இருக்கா, நீங்களே பாக்கணும். அங்கீகாரம் இல்லாத கோர்ஸுக்கு 30,000 கூட வேஸ்ட்தான்.

பெங்களூர் காலேஜ்ல ஏஜென்ட் சீட் வாங்கித் தர்றாராம், ஃபீஸ் கம்மிங்கறாரு?

கூடலூர், பந்தலூர் பக்கம் இது ரொம்ப நடக்குது. எல்லா காலேஜும் மோசம்னு நான் சொல்லல, நல்லா படிச்சு வந்தவங்களும் இருக்காங்க. ஆனா ஏஜென்ட் கமிஷன் எங்கிருந்து வருதுன்னு யோசிங்க, உங்க ஃபீஸ்ல இருந்துதான். முதல் வருஷம் கம்மியா சொல்லிட்டு ரெண்டாவது வருஷம் கிளினிக்கல் ஃபீஸ், யூனிஃபார்ம், பரீட்சை ஃபீஸ்னு ஒவ்வொண்ணா இழுப்பாங்க, பாதி படிச்சுட்டு எங்க போவீங்க? நாலு வருஷத்துக்கும் மொத்த ஃபீஸ் எவ்ளோன்னு காலேஜ் லெட்டர்ஹெட்ல எழுதி வாங்குங்க, பேங்க்கும் அததான் கேக்கும், எழுதித் தர மாட்டேன்னா நகர்ந்துருங்க. கர்நாடகா காலேஜ்னா ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துல இணைப்பு இருக்கான்னு பாருங்க. படிச்சு முடிச்சு இங்க வந்து வேலை பாக்க தமிழ்நாடு கவுன்சில்ல மறுபடி பதிவு பண்ணணும், அதுக்கு காசும் நாளும் ஆகும்.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட காலேஜ்ல குடுத்துட்டு வந்துராதீங்க. சரிபாத்துட்டு திருப்பித் தரச் சொல்லுங்க, வெச்சுக்கறோம்னா ஏன்னு கேளுங்க.

எங்களுக்கு நிலம் இருக்கு, பட்டா இல்ல. பேங்க்ல அடமானம் கேப்பாங்களே?

கூடலூர்ல இருந்து வர்ற முக்கியமான கேள்வி இது. அங்க நிறைய நிலம் 1969 ஜன்மம் எஸ்டேட் ஒழிப்பு சட்டத்தோட செக்‌ஷன் 17ல மாட்டிக்கிட்டு கிடக்குது, தலைமுறையா பயிர் வெக்கறாங்க, பட்டா கிடையாது, அத வெச்சு ஒரு ரூபா கடன் பொறட்ட முடியாது. ஆனா படிப்புக் கடனுக்கு 4 லட்சம் வரைக்கும் அடமானமும் வேண்டாம், உங்க கையில இருந்து போட வேண்டிய பங்கும் வேண்டாம், அப்பாவோ அம்மாவோ கூட கையெழுத்து போட்டா போதும். 7.5 லட்சம் வரைக்கும் மத்திய அரசோட கடன் உத்தரவாத நிதி இருக்கறதால சொத்து கேக்காமலே குடுக்கலாம், 4 லட்சத்துக்கு மேல போனா 5 சதவீதம் மட்டும் நீங்க போடணும். நான் மேல சொன்ன கணக்குப்படி பாத்தா நர்சிங்குக்கு 4 லட்சத்துக்கு மேல கடன் தேவைப்படற சீட்டே வேண்டாம், ஆக பட்டா பிரச்சனை இதுல குறுக்க வராது.

பேங்க் மேனேஜர் தர மாட்டேங்கறாரு, "டீ இலை விலை இல்ல, எப்படி கட்டுவீங்க"ன்னு கேக்கறாரு.

கட்டப்போறது நீங்க இல்ல, உங்க பொண்ணு, அவ சம்பளத்துல. இத மரியாதையா சொல்லுங்க. படிப்புக் கடனுக்குன்னே இருக்கற வித்யாலட்சுமி தளத்துல ஆன்லைன்லயே மனு போடுங்க, அப்ப மனு நம்பர் வரும், நாளைக்கு "நீங்க அப்ளையே பண்ணல"ன்னு யாரும் சொல்ல முடியாது. முடியாதுன்னா காரணத்த எழுத்துல கேளுங்க, எழுத்துல கேட்டதுமே பாதி மேனேஜர்ங்களுக்கு குரல் எறங்கிரும். அப்பறமும் இழுத்தா ஊட்டில மாவட்ட லீட் பேங்க் ஆஃபீஸ் (மாவட்டத்து பேங்குங்கள ஒருங்கிணைக்கற ஆஃபீஸ்) இருக்கு, அங்க குடுங்க, கலெக்டர் குறைதீர்க்கும் கூட்டத்துலயும் மனு குடுக்கலாம்.

ஒண்ணு பாத்துக்கோங்க, அப்பா பேர்ல பழைய பயிர்க்கடன், வண்டிக்கடன் ஏதாவது நிலுவைல இருந்தா சிபில் ஸ்கோர் (கடன ஒழுங்கா கட்டறோமான்னு காட்டற மார்க்) அடி வாங்கியிருக்கும், அது நியாயமான தடைதான். மே மாசம் ஓடறதுக்கு பதிலா பிளஸ் டூ ஆரம்பிக்கறப்பவே அத சரி பண்ணிடுங்க.

மேனேஜ்மென்ட் கோட்டான்னா அரசு கமிட்டி நிர்ணயிச்ச ஃபீஸ் அளவுக்குத்தான் பேங்க் யோசிக்கும், டொனேஷனுக்கு லோன் கிடையாது. டொனேஷனுக்கு நகைய வெச்சு காசு பொறட்டறோம்ங்கற வீடுங்களுக்கு நான் கைய எடுத்து கும்பிட்டு வேண்டாம்னு சொல்லிட்டேன். நாலஞ்சு பேர் கேட்டாங்க, மத்தவங்க கேக்கல.

வட்டி மானியம்னு சொல்றாங்களே, அது எல்லாருக்குமா?

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, தொழிற்கல்விக்கு, படிக்கற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் ஓடற வட்டிய மத்திய அரசே கட்டற திட்டம் 2009ல இருந்து இருக்கு. மேல சொன்ன 4 லட்சம் கணக்குல ஏறின 1.4 லட்சம் வட்டி மொத்தமா காணாம போயிரும், தவணை 7,136ல இருந்து 5,286க்கு இறங்கும். சின்ன விஷயம் இல்ல இது. ஆனா எல்லா காலேஜுக்கும் வராது, காலேஜோட அங்கீகாரத்த பொறுத்தது. அதனால சேர்றதுக்கு முன்னாடியே பேங்க்ல போயி "இந்த காலேஜ், இந்த கோர்ஸுக்கு வட்டி மானியம் வருமா"ன்னு கேளுங்க. தாசில்தார் குடுக்கற வருமானச் சான்ற இ-சேவைல மனு போட்டு முன்னாடியே வாங்கி வெச்சுடணும், பாதில படிப்ப விட்டா மானியமும் போயிரும்.

மானியம் வரலேன்னா இன்னொரு வழி: படிக்கறப்பவே வட்டிய மட்டும் மாசா மாசம் கட்டிட்டு வாங்க. முதல் லட்சத்துக்கு மாசம் 833 ரூபாதான். அரசுப் பள்ளில ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்ச பிள்ளைக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வருது (2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, இப்ப அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு, பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன்). முதல் வருஷ வட்டி அதுலயே கட்டிக்கலாம். அடுத்தடுத்த வருஷம் 1,667, 2,500, 3,333னு ஏறும், முடிஞ்ச வரைக்கும் கட்டுங்க, அப்படி கட்டறவங்களுக்கு வட்டில 1 சதவீதம் வரைக்கும் குறைக்கவும் செய்யறாங்க. அந்த ஆயிரத்த பிள்ளைங்க ஃபோன் ரீசார்ஜுக்கும் ஹாஸ்டல் பக்கத்து பேக்கரிக்கும் செலவழிக்கறாங்கன்னு அம்மாங்க புலம்பறாங்க, பாவம் அதுங்களுக்கும் ஆசை இருக்குமில்ல, ஆனா லோன் இருந்தா வட்டிக்கு போறதுதான் சரி.

ஸ்காலர்ஷிப் வாங்கினா லோன் கிடைக்காதா?

கிடைக்கும், ஸ்காலர்ஷிப் போக மிச்சத்துக்கு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைங்களுக்கு வருமானம் 2.5 லட்சத்துக்குள்ளன்னா போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கு, பிசி, எம்பிசிக்கும் தனியா இருக்கு. அத முதல்ல போட்டுட்டு பாக்கிக்கு மட்டும் பேங்க் போங்க. வீட்ல முதல் பட்டதாரின்னா அந்த சான்றும் கவுன்சிலிங்குக்கு முன்னாடி கையில இருக்கணும்.

சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு, அதாவது டேன்டீ (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுங்கள்ல இருக்கறவங்களுக்கு, சாதிச் சான்று வாங்கறது இன்னும் இழுபறியா இருக்கு. தாத்தா காலத்து குடும்ப அட்டை, பாஸ்போர்ட் காப்பி எல்லாத்தையும் இப்பவே தேடி எடுத்து வெச்சு பத்தாவது முடிச்சதுமே மனு போடுங்க, கவுன்சிலிங் வாரத்துல போயி நின்னா நடக்காது. ஆதிவாசி பிள்ளைங்க கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரில ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க, 1990ல ஆரம்பிச்சதுல இருந்து ஆதிவாசிப் பொண்ணுங்களுக்கே நர்ஸ் பயிற்சி குடுத்து வேலைக்கு வெச்சிருக்காங்க. அவங்க கடன் வாங்கி எங்கயும் அலைய வேண்டியதில்ல.

கடனே இல்லாம படிக்க வழி இருக்கா?

அரசு காலேஜ் பி.எஸ்சி, அரசு ஜிஎன்எம். ரெண்டுமே நம்ம மாநிலத்துல பிளஸ் டூ மார்க் வெச்சு கவுன்சிலிங்லதான். மூணாவது ஒண்ணு இருக்கு, வெலிங்டன்ல மிலிட்டரி ஆஸ்பத்திரி இருக்கற ஊர்க்காரங்களே அத பத்தி தெரியாம இருக்காங்க: ராணுவ நர்சிங் சேவை. பொண்ணுங்களுக்கு மட்டும், கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது, நீட் எழுதியிருக்கணும். புனே, பெங்களூர், கொல்கத்தா மாதிரி ஊர்ல இருக்கற ராணுவக் கல்லூரில நாலு வருஷம் பி.எஸ்சி, தங்கறது சாப்பிடறது எல்லாம் அவங்க செலவு, முடிச்சா லெஃப்டினென்ட்டா வேலை. சேவை செய்யறேன்னு பாண்ட் எழுதித் தரணும், உடல் தகுதி பாப்பாங்க. ஹட்டில (படுகர் ஊர்ல) வளர்ந்து தினமும் ஏத்தம் எறக்கம் நடந்த பிள்ளைங்களுக்கு அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல.

அரசு வேலை கிடைச்சா கடன் பறந்துரும்ல?

ரெகுலர் வேலைன்னா ஆமா, நீலகிரில போஸ்டிங்னா மலைப்படி, குளிர்காலப்படின்னு கூட வரும். ஆனா எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலமா எடுக்கறப்ப நேரா ரெகுலர் இல்ல, தொகுப்பூதியத்துல ஒப்பந்தமா எடுக்கறாங்க. 2015ல எடுத்தப்ப மாசம் 7,700, அப்புறம் 14,000, அப்புறம் 18,000 ஆச்சு. ரெகுலர் பண்ணுங்கன்னு நர்ஸுங்க வருஷக்கணக்கா ரோட்ல உக்காந்து போராடறாங்க, டிவில பாத்திருப்பீங்க. அதனால லோன் கணக்கு போடறப்ப அரசு வேலைய சேர்க்காதீங்க. கிடைச்சா சந்தோஷம். ஊட்டில மெடிக்கல் காலேஜ் வந்து, 700 பெட்டோட புது ஆஸ்பத்திரி 2025 ஏப்ரல்ல திறந்தாச்சு, இனிமே இங்கயே ஆள் எடுப்பாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, எடுப்பாங்கதான், ஆனா அந்த போஸ்ட்டுக்கு தமிழ்நாடு பூரா இருந்து வருவாங்க.

பிரைவேட்ல சம்பளம் 20,000க்கு கம்மியா குடுக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குன்னாங்களே?

சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கப்புறம் மத்திய அரசு போட்ட கமிட்டி 2016ல பரிந்துரைச்சது அது. 50 பெட்டுக்கு கம்மியான ஆஸ்பத்திரின்னாலும் 20,000க்கு குறையக்கூடாது, 200 பெட்டுக்கு மேலன்னா மாநில அரசு நர்ஸுக்கு சமமா குடுக்கணும்னு. பரிந்துரை பரிந்துரையாவே நிக்குது. கேரளால 2018ல அரசாணையே போட்டு குறைந்தபட்சம் 20,000 ஆக்கிட்டாங்க, அதனாலதான் பந்தலூர், எருமாடு பக்கத்துப் பிள்ளைங்க சுல்தான் பத்தேரி பக்கம் வேலைக்குப் போறாங்க. மலையாளம் பேசத் தெரிஞ்சா அதுவும் ஒரு வழி. நம்ம பக்கம் இன்டர்வியூல மொத்த சம்பளம் எவ்ளோன்னு கேக்காதீங்க, பிஎஃப், ஹாஸ்டல், சாப்பாடு பிடிச்சது போக கையில எவ்ளோன்னு கேளுங்க. "ஃப்ரீ அக்காமடேஷன்"னு சொல்லிட்டு மெஸ்ஸுக்கு தனியா பிடிக்கற இடம் நிறைய.

படிச்சு முடிச்சு ஒரு வருஷத்துல கட்ட ஆரம்பிக்கணும்ங்கறாங்க, அதுக்குள்ள வேலை கிடைக்குமா?

நர்ஸுக்கு வேலை கிடைக்காம இருக்காது, சம்பளம்தான் பிரச்சனை. கவனிக்க வேண்டியது கவுன்சில் பதிவு. ரிசல்ட் வந்து, சர்டிஃபிகேட் வந்து, பதிவு முடியற வரைக்கும் முழு சம்பளம் தர மாட்டாங்க சில இடத்துல. ரிசல்ட் வந்த அன்னிக்கே அந்த வேலைய ஆரம்பிச்சுருங்க. தவணை கட்ட முடியாத மாசம் வந்தா ஒளிஞ்சுக்காம பேங்குக்கு நேர்ல போயி சொல்லுங்க, தவணை காலத்த நீட்டிக் குடுக்க வழி இருக்கு. மூணு மாசம் கட்டாம விட்டா வராக்கடன் கணக்குல போட்டுருவாங்க, அது அப்பா பேரையும் சேர்த்து கெடுக்கும், ஏன்னா அவரும் கையெழுத்து போட்டிருக்காரு.

வெளிநாடு போனா ஒரே வருஷத்துல லோன் முடிஞ்சிரும்ங்கறாங்க?

முடிச்சவங்க இருக்காங்க. ஆனா படிச்சு முடிச்ச உடனே யாரும் போறதில்ல, பெரும்பாலும் ரெண்டு வருஷ அனுபவம் கேப்பாங்க, வளைகுடாக்கு அந்தந்த நாட்டு லைசென்ஸ் பரீட்சை, இங்கிலாந்துக்கு ஓஇடியோ ஐஇஎல்டிஎஸ்ஸோ ஒரு இங்கிலீஷ் பரீட்சை, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி பி2 வரைக்கும். அந்த ரெண்டு மூணு வருஷம் இங்க சம்பளத்துலதான் தவணை கட்டியாகணும், அதுக்குத்தான் மேல அவ்ளோ கணக்கு போட்டேன். ஏஜென்டுக்கு லட்சக்கணக்குல குடுத்து புதுசா ஒரு கடன் வாங்காதீங்க. சவூதி, குவைத் மாதிரி குடியேற்ற அனுமதி தேவைப்படற 18 நாட்டுக்கு நர்ஸுங்கள 2015ல இருந்து அரசு நிறுவனங்க மூலமாத்தான் அனுப்பணும்னு விதி. நம்ம மாநிலத்துக்கு அது சென்னைல இருக்கற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், ஜெர்மன் மொழிப் பயிற்சியும் அங்க குடுத்திருக்காங்க. மத்த நாட்டுக்கு லைசென்ஸ் வெச்சிருக்கற தனியார் ஏஜென்ட்டே ஆனாலும் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்.

பையன் நர்சிங் படிக்கலாமா?

தாராளமா. ஐசியு, ஆம்புலன்ஸ், டயாலிசிஸ், ஆர்த்தோ வார்டுல எல்லாம் கேட்டு எடுக்கறாங்க, வெளிநாட்டுல வித்தியாசமே பாக்கறதில்ல. ஆனா எய்ம்ஸ்ல 80 சதவீதம் போஸ்ட் பொண்ணுங்களுக்கு ஒதுக்கீடு, ராணுவ நர்சிங் காலேஜ் பொண்ணுங்களுக்கு மட்டும், அதனால பையனுக்கு அரசு வழி கொஞ்சம் குறுகல். கடன இன்னும் கம்மியா வெச்சுக்கணும்.

பொண்ணு பேர்ல லோன், கல்யாணம் ஆயிட்டா யார் கட்டறது?

இத அம்மாங்க மெல்லமா, கடைசியாத்தான் கேப்பாங்க. லோன் பொண்ணு பேர்லதான், கூட அப்பாவோ அம்மாவோ. கல்யாணம் ஆனாலும் அவதான் கட்டணும், சட்டப்படி புருஷனுக்கு அதுல சம்பந்தம் இல்ல. அதனால பொண்ணு பாக்க வர்றப்பவே "இவ்ளோ லோன் இருக்கு, வேலைக்கு போயி இவளே கட்டிருவா, வேலைக்கு அனுப்பணும்"னு பேசிடுங்க. நகை எத்தன பவுன்னு பேசறப்ப கூச்சப்படாத வாய்க்கு இதுல என்ன கூச்சம்? மறைச்சு வெச்சு, வேலைய விடச் சொல்லி, கடைசில அறுவது வயசுல அப்பா இலை பறிச்சு தவணை கட்டற வீடும் இந்த மலைல இருக்கு.

மார்க் கம்மி, அரசு கோட்டால கிடைக்கல, மேனேஜ்மென்ட்தான் வழி. என்ன பண்ண?

பி.எஸ்சிய விட்டுட்டு ஜிஎன்எம்ல கம்மி ஃபீஸ் இடம் தேடுங்க. மிஷன் ஆஸ்பத்திரிங்க நடத்தற நர்சிங் ஸ்கூல்ங்கள்லயும் விசாரிங்க, சில இடத்துல அங்கயே கொஞ்ச வருஷம் வேலை பாக்கறேன்னு ஒத்துக்கிட்டா ஃபீஸ் குறைப்பாங்க, எத்தன வருஷம், எவ்ளோ சம்பளம், நடுவுல விட்டா எவ்ளோ கட்டணும்னு எழுத்துல பாத்துட்டு கையெழுத்து போடுங்க. கவுன்சிலிங் ஒரு ரவுண்டோட முடியறதில்ல, காலி சீட்டுக்கு அடுத்தடுத்த ரவுண்டு வரும். ஜூலைலயே பயந்துபோய் மேனேஜ்மென்ட்ல அட்வான்ஸ் கட்டிட்டா அப்புறம் அரசு கோட்டால கிடைச்சாலும் அந்த காச திருப்பி வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும், கொஞ்சம் பொறுங்க. ஃபோன் பண்றவங்க நைட் டியூட்டி முடிஞ்சு நான் தூங்கற காலை நேரத்துல மட்டும் பண்ணாதீங்க, நாலு மணிக்கு மேல பண்ணுங்க, மார்க் ஷீட்டும் காலேஜ் குடுத்த ஃபீஸ் பேப்பரும் கையில வெச்சுக்கிட்டு.